நானே கேட்ட ஆஃப்சைட்

1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 2, சனிக்கிழமை, மாலை 5 மணி 21 நிமிடம். வானம் மூடியிருந்தது. தூறல் 4.40-க்கு நின்றிருந்தது. வடக்குக் கோல் கம்பத்துக்கு முன்னால் மூன்று இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் பெரியது ஒரு கட்டில் அளவு. காற்று சுத்தமாக இல்லை. இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நிமிடத்தில்தான் நான் ஒரு கோல் போட்டேன். போட்ட மறுநொடி ரெஃப்ரியிடம் ஓடிப்போய், அந்தக் கோலைக் கொடுக்க வேண்டாம் என்று மன்றாடினேன்.

பந்து உதைத்துச் சம்பளம் வாங்கியவர்களில் பொய்ச் சத்தியம் செய்து கோல் கேட்டவர்கள் ஏராளம். நானே பதினேழு பேரைப் பார்த்திருக்கிறேன். பொய்ச் சத்தியம் செய்து கோல் வேண்டாம் என்றவனை இதுவரை ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். அவனைத் தினமும் காலையில் முகம் மழிக்கும்போது பார்க்கிறேன்.

என் பெயர் தணிகாசலம். வயது அறுபத்து நான்கு. சொந்த ஊர் திருத்தணி. சென்னையில் ஒரு நிறுவனத்தின் கால்பந்து அணியில் பன்னிரண்டு சீசன் ஆடினேன். மொத்தம் 231 ஆட்டங்கள். (வருகைப் பதிவேட்டில் நான் எழுத்தர். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அலுவலகத்தில் நான் எழுதியது விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே.) நான் ஆடியது நடுக்களத்தில். மைதானத்தின் நடுவில் நின்று, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி முன்னால் இருப்பவனுக்குக் கொடுக்கும் வேலை. தபால்காரர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் யாருக்கோ, மாலையும் யாருக்கோ, நாய் துரத்துவது மட்டும் நம்மை.

ஆனால் நான் பிறவி நடுக்கள ஆட்டக்காரன் அல்ல. முதல் சீசனில் முன்கள ஆட்டக்காரனாகத்தான் சேர்ந்தேன். என்னைப் பின்னால் தள்ளியது காயமோ கோச்சோ அல்ல, என் தலைமுடி.

1981-இல் அணித் தேர்வுக்கு நான் சென்னைக்குப் புறப்பட்டுப் போன அன்று, அம்மா மலைக்குப் போய் முருகனிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தார். எங்கள் ஊரில் வேண்டிக்கொள்ளும் தலை வேறு, மழிக்கப்படும் தலை வேறு. அம்மா வேண்டிக்கொண்டது இது: மகன் அணியில் சேர்ந்துவிட்டால், அவன் போடும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு மொட்டை.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரே அன்று பதறிப்போனார்.

"ஏம்மே, சேந்ததுக்கு ஒரு மொட்டன்னு நிறுத்தக் கூடாதா? கோலு கோலுக்கு எதுக்கு?"

"அவருக்கும் பங்கு இருந்தாத்தான கூட நின்னு ஒதைப்பாரு?" என்றார் அம்மா.

நான் அணியில் சேர்ந்துவிட்டேன். அந்த சீசனில் இரண்டு கோல் போட்டேன், இரண்டு மொட்டை.

என் முடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காதை மூடி, கழுத்துப்பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாலரை அங்குலம். ஒரு நாளைக்குப் பதினொரு தடவை சீவுவேன். நான் ஓடினால் அது அரை நொடி பின்னால் ஓடிவரும். எனக்கு வேறு அழகு கிடையாது. மூக்கு அப்பாவுடையது, பல் அம்மாவுடையது, இரண்டுமே அவர்களுக்கே பொருந்தாதவை. ஆக மொத்த முதலீடும் தலைமேல்தான். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும் (அளந்திருக்கிறேன்). நாலரை அங்குலத்துக்கு ஒன்பது மாதம். ஒரு கோல் போட்டுவிட்டு, ஒரு பிள்ளை பெறும் காலம் வரைக்கும் நான் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது சீசன் தொடங்கும்போது கோச்சிடம் போய், என்னை நடுக்களத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"முப்பது வருசமா பாக்கறேன். எல்லாப் பயலும் முன்னாடி போடு முன்னாடி போடுன்னுதான் வருவான். நீ இன்னாடா, பஸ்ல ஜன்னல் சீட்டு வாணான்ற?"

"அணிக்காக மாஸ்டர்," என்றேன். கண்ணில் நீர்கூட வந்தது. முடி கண்ணில் குத்தியதால் வந்தது.

அதன் பிறகு நான் கோல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கோல் கீப்பர் விழுந்து கிடப்பார், எதிரே காலி வலை இருக்கும், நான் பந்தை இடது ஓரத்துக்கு அனுப்புவேன். அங்கே அந்தோணி இருப்பான். அரக்கோணத்துக்காரன், என்னோடு ஒரே ரயிலில் வருபவன். அணியில் வேண்டுதல் விவகாரம் தெரிந்த ஒரே ஆள். வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு கோல் போடுவான். பத்திரிகையில் என்னைத் 'தன்னலமற்ற ஆட்டக்காரர்' என்று ஐந்து முறை எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் நைனா அதை வெட்டிப் பத்திரப்படுத்தினார். அம்மா மட்டும் திருப்திப்படவில்லை. "அந்த அந்தோணி புள்ளயே போட்டுகினு இருக்குது, நீ எப்பத்தான்டா போடுவ?" என்று வெள்ளிக்கு வெள்ளி கேட்பார்.

கோல் போட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். தெரிந்துகொண்டே இருக்கும்.

இப்படியே ஏழு சீசன்கள் ஒரு கோல்கூட இல்லாமல் நிம்மதியாக ஓடின. நடுக்களத்தில் எட்டாவது சீசனில் கல்யாணம் நிச்சயமானது.

பெண் ஆர்.கே.பேட்டை. பெயர் வசந்தி. வீட்டில் எட்டு விசைத்தறி. ஏற்கெனவே நான்கு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொன்னவள் என்று கேள்வி. என் புகைப்படத்தைக் கொண்டுபோன கனகம்மாசத்திரத்துத் தரகர் இரண்டே நாளில் திரும்பி வந்தார்.

"பொண்ணுக்கு ஒங்க முடி ரொம்பப் புடிச்சுப் போச்சுபா. போட்டோவ பாத்ததும் மொதல்ல முடியப் பத்தித்தான் பேசிச்சு."

பெண் பார்க்கப் போனோம். அவள் கேசரித் தட்டை நீட்டினாள், நான் எடுத்துக்கொண்டேன். அவள் தரையைப் பார்த்தாள், நான் தட்டைப் பார்த்தேன். மொத்தம் நாற்பது விநாடி. அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் நான் கவலைப்படவில்லை. பேசவேண்டியதை எல்லாம் என் முடி பேசிவிட்டதே!

செப்டம்பர் 10, ஞாயிறு, காலை ஏழரை மணிக்கு முகூர்த்தம். அன்றுவரைக்கும் தலையைக் காப்பாற்றிக் கொண்டுபோய் மணவறையில் உட்கார வைத்தாக வேண்டும். நிச்சயத்துக்குப் பிறகு நான் பயிற்சியில்கூடக் கோலை நோக்கி உதைக்கவில்லை. கோலுக்கு முதுகைக் காட்டியே நின்றேன்.

இப்போது செப்டம்பர் 2-க்கு வருவோம்.

அன்று லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் எங்கள் அணி மேல் பிரிவுக்குப் போகும். டிராவானால் போகாது. வருங்கால மைத்துனன் முனிரத்தினம், வசந்தியின் தம்பி, இருபத்திரண்டு வயது, இரண்டு சித்தப்பாக்களோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தான். மூவரும் அக்காவின் மாப்பிள்ளை எப்படி ஆடுகிறான் என்று கல் படிகளில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

எண்பத்தாறு நிமிடங்கள் ஆகியும் 0–0. எங்களுக்கு இடது மூலையிலிருந்து கார்னர். அந்தோணி அடித்தான். எல்லோரும் கோல் வாயில் முட்டி மோத, நான் வழக்கம்போல் பெனால்டி பெட்டிக்கு வெளியே நான்கு கஜம் தள்ளிப் பத்திரமாக நின்றேன். எதிரணி ஆள் ஒருவன் தலையால் முட்டி வெளியே தள்ளிய பந்து நேராக என்னிடம் வந்தது. 231 ஆட்டங்களில் என்னைத் தேடி அவ்வளவு அன்பாக ஒரு பந்தும் வந்ததில்லை.

எனக்கு ஒரே யோசனைதான்: அந்தோணி. அவன் இன்னும் கார்னர் கொடியருகே இருந்தான். இடது காலின் வெளிப்பக்கத்தால் அவனுக்கு அனுப்பினேன். ஈரத்தில் ஊன்றிய கால் வழுக்கியது. நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே பார்த்தேன். பந்து அந்தோணியை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி, வில்லாக வளைந்து, கோல் கீப்பரின் விரலுக்கு மேலே, வலது மேல் மூலையில் போய் விழுந்தது. (வேண்டுமென்றே நூறு தடவை உதைத்தாலும் உனக்கு அது வராது என்றார் மாஸ்டர் பிறகு. வரவுமில்லை.)

என் மேல் எட்டுப் பேர் விழுந்தார்கள். அடியில் கிடந்து நான் கணக்குப் போட்டேன். இன்று இரண்டாம் தேதி. கல்யாணம் பத்தாம் தேதி. எட்டு நாள். மாதத்துக்கு அரை அங்குலம் என்றால் எட்டு நாளில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு சற்றுக் கூட. பாய்த்தடிமன்கூட இல்லை.

எப்படியோ உருவிக்கொண்டு வெளியே வந்து ரெஃப்ரியிடம் ஓடினேன். எங்கள் ஆள் யாராவது நிற்கக் கூடாத இடத்தில் நின்றான் என்றால் அது ஆஃப்சைட், கோல் செல்லாது.

"சார், ஆஃப்சைட் சார்!"

எதிரணிக்காரன் என்று நினைத்து அவர் திரும்பாமலே, "போப்பா, போய் ஆடு" என்றார்.

"நல்லா பாருங்க சார். ஆஃப்சைட்!"

திரும்பினார். என் சட்டை நிறத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் சட்டையைப் பார்த்தார்.

"கோல் போட்டதே நீதானே?"

"ஆமா சார்."

"யார் ஆஃப்சைட்?"

"அந்தோணி சார். கோல் கீப்பர் மூஞ்சிக்கு நேரா நின்னுகினு மறைச்சான் சார்."

அது அந்தோணி காதில் விழுந்துவிட்டது. "டேய் பாவி! நான் கொடிகிட்ட குந்திகினு ஷூ லேஸ் கட்டிகினு இருந்தேன்டா!"

"அப்போ கையில பட்டுச்சு சார்."

"யார் கையில?"

"என் கையில சார்."

"எந்தக் கை?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினேன். இரண்டிலும் சேறு இருந்தது. இதற்குள் எதிரணிக் கேப்டன் தன் பங்குக்குச் சண்டை போட வந்தவர், நான் பேசியதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் வாழ்க்கையில் அப்படி ஓர் உதவி கிடைத்ததில்லை.

"சார், இவரு சொல்றதுதான் சார் ரைட்டு! கரெக்டா சொல்றாரு சார்! மனுசன் சார் இவரு!"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் எதிரணியின் பதினோரு பேரும் நின்றார்கள். ஒருவன் என் தோளில் கை போட்டிருந்தான். எதிரே என் அணியின் பத்துப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் மாஸ்டர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

ரெஃப்ரி லைன்ஸ்மேனிடம் போய்ப் பேசினார். லைன்ஸ்மேன் என்னைக் காட்டி எதையோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். திரும்பி வந்து மையத்தைக் காட்டினார், கோல்தான். எனக்கு மஞ்சள் அட்டையும் காட்டினார். பிறகு சிறிய நோட்டை எடுத்து, காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அரை நிமிடம் யோசித்தார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆட்டம் முடிந்தது. மேல் பிரிவுக்குப் போய்விட்டோம். ஊரே ஆட, நான் அந்தோணியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"டேய், இந்தக் கோல நீ போட்டன்னு எழுதிக்கச் சொல்றேன்டா. ஒன் தலையில பட்டுப் போச்சுன்னு சொல்லு."

"எனக்கு இன்னா, தாராளமா சொல்றேன். ஆனா பந்து இங்க போச்சு, நான் அங்க இருந்தேன். நடுவுல நாப்பது கஜம். என் தலை அவ்ளோ பெருசாடா?"

பத்திரிகைக்காரர் ஏற்கெனவே என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தான். இரண்டு பக்கமும் இரண்டு சித்தப்பாக்கள், கோர்ட்டு வாசல் போலீஸ் மாதிரி. அக்கா கணவனைப் பாவா என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான் கூப்பிடுவான்.

"பாவா."

"சொல்லு முனிரத்தினம்."

"எவ்ளோ வாங்கினீங்க?"

"இன்னாத்த?"

"தோக்கறதுக்கு."

சேறு காயாத இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நானும் சின்ன வயசுலேர்ந்து பந்தாட்டம் பாக்கறேன்," என்றார் பெரிய சித்தப்பா. "கோல் போட்டுட்டு கோல் இல்லன்னு அழுவற ஆள இன்னிக்குத்தான் பாக்கறோம். துட்டு வாங்காதவன் எவன் இப்படிச் செய்வான்?"

"எங்கக்காவ ஒரு மாதிரியான எடத்துல குடுக்க முடியாது பாவா," என்றான் முனிரத்தினம்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் முடி போய்விடும். முடி போனால் பெண் போய்விடும். சொல்லாவிட்டால் நாணயம் போய்விடும். நாணயம் போனாலும் பெண் போய்விடும். எட்டு விநாடி யோசித்தேன். எப்படியும் பெண் போகப்போகிறாள், நல்ல பெயரையாவது வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்து, வேண்டுதலை ஆதியோடந்தமாகச் சொன்னேன். எட்டு வருடமாகப் பந்தை அந்தோணிக்குத் தள்ளிவிட்டதையும் சொன்னேன்.

மூவரும் என் முடியையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இத்த நான் அக்காகிட்ட சொல்லியே ஆவணும்," என்றான் முனிரத்தினம்.

"சொல்லு."

"அது இன்னா சொல்லுமோ தெரியாது."

போய்விட்டார்கள். அடுத்த ஏழு நாளும் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. நைனா பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்திரிகையை வாங்கிப் பார்த்திருக்கிறார். என் பெயரையும் கோலையும் பார்த்ததும் அவருக்குக் கல்யாணம் கண்முன் வந்திருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ஒரு தாள் கொறையுதே?" என்றார் அம்மா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். (எனக்கு அந்த வழியாகத்தான் வந்தது.)

"வடை கட்டிக் குடுத்தான்."

"வடை எங்க?"

"தின்னுட்டேன்."

"சக்கர வெச்சுகினு வடையா தின்ன?"

நைனா வடைக்கு வாங்கிய திட்டு கால் மணி நேரம் ஓடியது. அதற்குள் எதிர் வீட்டுக்காரர் முழுப் பத்திரிகையோடு வந்து, "தம்பி கோல் போட்டுச்சாமே!" என்று அம்மா கையில் சர்க்கரையே கொடுத்துவிட்டார்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபடியே, "செவ்வாக்கெழம போலாம்" என்றார்.

"கல்யாணம் முடியட்டும்மா. பதினோராம் தேதி காலையில நானே ஓடறேன்."

"கடன வெச்சுகினு தாலி கட்டுவியா? வர பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"சரி, பூமுடி குடுத்துடறேன். மூணு கத்தரி. சாமி ஒத்துக்கும்."

"அது பொம்பளைங்களுக்குடா. இன்னா, முருகன் கிட்ட தவணையா?"

செவ்வாய்க்கிழமை படியேறினோம். எங்கள் மலைக்கு 365 படிகள் என்பார்கள். ஒன்றாவது குறைந்தால் அபசகுனம் என்று சொல்லித் திரும்பிவிடலாமே என்று எண்ணிக்கொண்டே போனேன். சரியாக 365 இருந்தது.

மொட்டை போடும் இடத்தில் எனக்கு வாய்த்தவர் பேச்சுப் பிரியர். தலையில் தண்ணீர் தெளித்து நனைத்து, கத்தியை வைத்துக்கொண்டே, "கொழந்த வரமா?" என்றார்.

"இல்லண்ணா."

"ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்துச்சா?"

"இல்லண்ணா. கோல் போட்டேன்."

கத்தி நின்றது. "கோல் போட்டா சந்தோசமாத்தான இருக்கணும்? நீ ஏன்பா அழுவற?"

"ஞாயித்துக்கெழம கல்யாணம்ணா."

அவர் எழுந்து நின்று அந்த மண்டபத்துக்கே கேட்கும்படி, "டேய், இங்க வாங்கடா, மாப்ளைக்கு மொட்டை!" என்று கூவினார். ஆறு கத்திகள் நின்றன. ஆறு பாதித் தலைகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. அதில் ஒரு பாதித் தலை, "பொண்ணு வூட்டுக்குத் தெரியுமாபா?" என்று கேட்டது.

முடித்ததும் சந்தனம் பூசிவிட்டு, "தலை ஷேப் நல்லாத்தான் இருக்குது" என்றார். நான் தடவிப் பார்த்தேன். பின்னால் ஒரு மேடும், இடது பக்கம் ஒரு பள்ளமும் இருந்தன. எட்டு வருடமாக அவற்றை மறந்திருந்தேன்.

ஞாயிறு வந்தது. பெண் வீட்டிலிருந்து செய்தியே இல்லாததால், அவர்கள் வருவார்களா என்பதே எனக்குச் சந்தேகம். காலை ஐந்தரைக்கே மண்டப வாசலில் போய் நின்றுவிட்டேன். அங்கேதான் இன்னொரு தவறு நடந்தது. கல்யாண மாப்பிள்ளைக்குத் தலையில் சந்தனம் எதற்கு என்று நலங்கு வைத்தவர்கள் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சந்தனம் உள்ள மொட்டை என்றால் கோயில். சந்தனம் இல்லாத மொட்டை என்றால், தகப்பன் போய்விட்டான் என்று அர்த்தம்.

திருவாலங்காட்டிலிருந்து என் தாய்மாமன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் என்னைப் பார்த்ததும் தோள்பையைக் கீழே போட்டுவிட்டார். கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எப்பபா?"

"ஏழரைக்கு மாமா."

"காத்தாலயா? எனக்கு ஒரு சொல்லு சொல்லி அனுப்பலியே. கஷ்டப்பட்டாரா?"

"கஷ்டம்லாம் இல்ல மாமா. எல்லாம் நல்லபடியா ஏற்பாடு பண்ணிட்டோம். எரநூறு பேருக்குச் சாப்பாடு."

மாமா என்னை விட்டு விலகி என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, பட்டு வேட்டி கட்டி, வாயில் வெற்றிலையோடு நைனா உள்ளிருந்து வந்தார்.

"வாங்க மச்சான்! மொதல்ல டிபன் சாப்புடுங்க!"

மாமா பின்னால் சாய்ந்து, தவில் மேல் உட்கார்ந்துவிட்டார். தவில்காரர் போட்ட கூச்சலில்தான் அவருக்கு நினைவு திரும்பியது. அன்று காலை மொத்தம் நான்கு பேர் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். ஐந்தாவது ஆள் நைனாவிடமே விசாரித்துவிட்டார். நைனா பாவம், "அவரு இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, யாரைக் கேட்டார் என்று என்னிடம் வந்து கேட்டார்.

ஆறே காலுக்குப் பெண் வீட்டுப் பஸ் வந்தது. பெண்ணும் இறங்கினாள். எனக்கு உயிர் பாதி வந்தது. முனிரத்தினம் என்னைக் கடந்து போகும்போது தலையைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டு வேகமாக உள்ளே ஓடினான். வந்த பாதி உயிர் திரும்பப் போய்விட்டது.

மணவறை. வசந்தியை அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். குனிந்த தலையோடு உட்கார்ந்தவள், ஓரக்கண்ணால் ஒரு தடவை மேலே பார்த்தாள். உடனே குனிந்துவிட்டாள். தோள்கள் குலுங்கத் தொடங்கின. பதினொரு தடவை குலுங்கின.

"அழுவுதுடா பொண்ணு," என்று அம்மா என் காதில் சொன்னார். அம்மாவுக்கே முகம் வாடிவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். நானும் என் மொட்டையும் அவ்வளவு தனியாக அதற்கு முன் இருந்ததில்லை. எழுந்து போய்விட்டால் நல்லதோ என்றுகூட நினைத்தேன். அவளைக் கட்டாயப்படுத்திக் கட்டுவதைவிட அது நல்லது.

கெட்டிமேளம் கேட்டது. தாலியைக் கையில் கொடுத்தார்கள். அவள் பக்கம் குனிந்தேன். அப்போதுதான் அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசினாள். எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும் குரல்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"இத்த கட்டிட்டு, ஐயருகிட்ட ஓடிப்போய் இது கணக்குல சேராதுன்னு சொல்ல மாட்டீங்களே?"

அவள் அழவில்லை. சிரிப்பை அடக்கத்தான் அவ்வளவு நேரம் குலுங்கியிருக்கிறாள்.

"மாட்டேன்," என்றேன்.

"ஆங். அப்ப கட்டுங்க."

மூன்று முடிச்சையும் நானே போட்டுவிட்டேன். மூன்றாவது முடிச்சுக்காகப் பக்கத்தில் நின்ற என் அக்கா அன்று என்னைத் திட்டிய திட்டு கல்யாண வீடியோவில் தெளிவாக இருக்கிறது.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "முடி போச்சேன்னு வருத்தமா?"

"எந்த முடி?"

"என் முடிதான். போட்டோவ பாத்துட்டு மொதல்ல அத்தப் பத்தித்தான் பேசினியாமே? தரகர் சொன்னாரே."

அவள் அப்பளத்தை நொறுக்கியபடி யோசித்தாள். "ஆங், பேசினேன். இந்தத் தலைக்கு மாசம் எவ்ளோ எண்ணெ ஆவும்னு கேட்டேன்."

அத்தோடு சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுவாரமே வசந்தி என் அம்மாவிடம் பேச்சைத் தொடங்கினாள். "அத்தை, தலை ஒண்ணுதான். தேங்கா எவ்ளோ வோணா ஒடைக்கலாம். கோலுக்கு ஒரு தேங்கான்னு மாத்திக்கினா சாமிக்குத்தான லாபம்?" சாமியிடம் பேசியதை மாற்றக் கூடாது என்று அம்மா நான்கு நாள் பிடிவாதமாக இருந்தார். ஐந்தாம் நாள், முருகனுக்கு அது லாபம்தான் என்று ஒப்புக்கொண்டார். இருவரும் மலைக்குப் போய்த் திருத்தி எழுதிவிட்டு வந்தார்கள். அப்போதும் என்னைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று சீசன் ஆடினேன். 60 தடவை கோலை நோக்கி உதைத்தேன், 18 உள்ளே போனது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு ஒரு பாஸ் உண்டாடா, துரோகி!" என்று அந்தோணி மைதானத்திலேயே கத்துவான். பத்திரிகைகளில் 'தன்னலமற்ற' என்ற சொல் அத்தோடு நின்றுபோனது. முடி மறுபடி வளர்ந்தது. நாற்பத்தோராம் வயதில் எந்தக் கோலும் போடாமலே தானாகக் கொட்டியும் போனது.

ஆனால் ஆஃப்சைட் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. பாத்திரத்தில் லட்டு ஒன்று குறைந்து, நான் எடுக்கவில்லை என்று சொன்னால், வசந்தி துடைக்கும் துணியை, ஆஃப்சைட் காட்டும் லைன்ஸ்மேனின் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள். என் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வித்தை தெரியும். முனிரத்தினம் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் மொய் எழுதுகிற இடத்தில் நின்று, "பாவா குடுத்தத ரெண்டு தடவ கேட்டு எழுதுங்கபா, இல்லன்னுடப் போறாரு" என்பான். முப்பத்தாறு வருடமாக அதே வாக்கியம். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கிறார்கள்.

போன தீபாவளிக்கு வந்திருந்த மகள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். "ஏம்பா, எண்ணெ செலவு கேட்டதுக்காக நீ எட்டு வருசமா கோல் போடாம இருந்திருக்க. நீயே அடிச்சிருக்கலாம்னு இருந்தும் தள்ளிவுட்டது எத்தினி தடவ?" அது உண்மையில் நியாயமான கேள்வி அல்ல, எண்ணெய்க் கேள்வி பிறந்தது எட்டாவது வருடத்தில்தான். இருந்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். பரணிலிருந்து இறக்கி, மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினேன். இருமுறை எண்ணினேன். 143 தடவை.

பிறகு அடித்த கணக்குப்படி நூற்றுக்கு முப்பது உள்ளே போகிறது. அப்படிப் பார்த்தால் 42.9. ஆக, யாரும் கேட்காத அந்த நாலரை அங்குல முடிக்கு நான் கொடுத்த மொத்த விலை: நாற்பத்திரண்டு கோல், கம்பத்தில் பட்டுத் திரும்பியது ஒன்று.